ஐம்பதுக்கு மேல் எதைப் பிடிப்பது: எடைக் குறைப்பா, நடையா, தசை வலுவா?

ஐம்பதைத் தொட்டவர்கள் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பெரும்பாலும் காதில் விழுவது இதுதான்: "வெயிட்டைக் குறைங்க, தினமும் நடங்க." தப்பான அறிவுரை இல்லை. ஆனால் வேலை, வீடு, வயதான அப்பா அம்மா, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உடம்புக்கென்று ஒதுக்க முடிவது ஒரு நாளைக்கு அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. அந்த நேரத்தை எதில் போடுவது? சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்குவதிலா, நடப்பதிலா, தசையை வலுவாக்கும் பயிற்சியிலா, இல்லை இப்போது எல்லோரும் பேசுகிற எடை குறைக்கும் ஊசியிலா? இந்த நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50 வயதைத் தாண்டிய நம் ஆட்களில் பெரும்பாலோருக்குத் தசை வலு முதலில், இடுப்புச் சுற்றளவு இரண்டாவது, எடை மெஷின் காட்டும் எண் மூன்றாவது. நடை இந்த மூன்றோடும் கூடவே வரவேண்டியது, ஆனால் நடை மட்டும் போதாது. இப்போது நம் வீடுகளில் நடப்பது கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். எடை மெஷின் இல்லாத வீடு குறைந்துவிட்டது, ஆனால் தன் காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

முதலில் எடை. உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ.யை வைத்து 2013-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்தது. 97 ஆய்வுகள், சுமார் 29 லட்சம் பேர். பி.எம்.ஐ. 25-லிருந்து 30-க்குள் இருந்தவர்கள், அதாவது "அதிக எடை" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், "சரியான எடை"க்காரர்களைவிட 6 சதவீதம் குறைவாகவே இறந்திருந்தார்கள்; 35-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் ஆபத்து 29 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்று வருடம் கழித்து வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, புகைப்பவர்களையும் ஏற்கெனவே நோயில் இருந்தவர்களையும் விலக்கிவிட்டுப் பார்த்தபோது, 20 முதல் 25 வரை இருப்பதுதான் நல்லது என்று சொன்னது. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. வயதாக ஆக, கொஞ்சம் கூடுதல் எடை அவ்வளவு பெரிய கெடுதல் இல்லை என்பதை மட்டும் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

அப்படியானால் 27-ல் இருக்கிற நாம் நிம்மதியாக இருக்கலாமா என்றால், அங்கேதான் நமக்குச் சிக்கல். இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி நம்மைப் போன்ற உடம்புக்காரர்களை வைத்துச் செய்ததில்லை. 2004-ல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் மருத்துவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் யுட்கின், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். மூட்டையை நிறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அரிசியா தவிடா என்று தெரியாது, பி.எம்.ஐ. கதையும் அதுதான். கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால்: நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் வரிசையாகப் பார்க்கலாம். இதனால்தான் ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-லேயே சொன்னது. இந்திய மருத்துவர்கள் இடுப்புச் சுற்றளவுக்கு வைத்திருக்கும் கோடு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள், பேன்ட் தொப்பைக்குக் கீழே போய்விடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பை வைத்து அளக்க வேண்டும்.

ஆக, நம்மவர்களுடைய பிரச்சனையை "எடை அதிகம்" என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கொழுப்பு அதிகம், அதோடு தசை குறைவு. எடையை மட்டும் குறைக்கக் கிளம்பினால் இந்த இரண்டாவது பிரச்சனை இன்னும் மோசமாகும். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது வலுவின் பக்கம். 17 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை ஒரு சின்னக் கருவியில் அளந்து தொடர்ந்து கவனித்தார்கள். 2015-ல் வெளியான முடிவு: பிடியில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பு ஆபத்து 16 சதவீதம் கூடியது. மேல் ரத்த அழுத்த எண்ணைவிடப் பிடிவலு, யார் இறக்கக்கூடும் என்பதை நன்றாகக் காட்டியது. அமெரிக்காவில் 70 முதல் 79 வயது வரையிலான 2,292 பேரை வைத்து 2006-ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அதில் தசையின் அளவையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், வலுவையும் அளந்தார்கள். உயிரோடு இருப்பதோடு தொடர்பு இருந்தது வலுவுக்குத்தான், தசை எவ்வளவு பருமனாக இருந்தது என்பதற்கு அவ்வளவு தொடர்பு இல்லை. அதே ஆய்வுக் குழு, முதியவர்களிடம் தசை கரையும் வேகத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் வலு இறங்குவதையும் கண்டது. எடை கூடியவர்களுக்குக்கூட வலு இறங்குவது நிற்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது டல்லாஸில் 8,762 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு. காலால் தள்ளும் வலு, படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே தூக்கும் வலு, இரண்டையும் அளந்து எல்லோரையும் மூன்று பங்காகப் பிரித்தார்கள். சராசரியாக 19 வருடம் கவனித்தார்கள். வயதைச் சரிக்கட்டிப் பார்த்தால், 10,000 பேரை ஒரு வருடம் கவனித்ததற்குச் சமமான கணக்கில், வலு குறைந்த பங்கில் சுமார் 39 பேர் இறந்தார்கள். நடுப்பங்கில் 26, உச்சப் பங்கில் 27. பாருங்கள், நடுவில் இருப்பவருக்கும் உச்சத்தில் இருப்பவருக்கும் வித்தியாசமே இல்லை. 55 வயதில் ஒருவர் ஆணழகன் ஆகவேண்டிய அவசியம் கிடையாது. அடிமட்டத்தில் இல்லாமல் இருந்தாலே பெரும்பகுதி லாபம் கையில் வந்துவிடுகிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் தொடர்பைக் காட்டுகிற ஆய்வுகள். நோய் உள்ளே இருப்பவருக்கு வலு தானாகக் குறையும், அதனாலும் இந்த எண்கள் இப்படி வரலாம். ஸ்பாஞ்சுப் பந்தை வாங்கி டிவி பார்த்துக்கொண்டே அமுக்கினால் ஆயுள் கூடாது. கைப்பிடி என்பது மொத்த உடம்பின் வலுவைத் தெரிந்துகொள்ள ஒரு ஜன்னல், அவ்வளவுதான். எடைக் கணக்குக்கும் இதே குறை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதனால் "யார் எவ்வளவு நாள் வாழ்ந்தார்கள்" என்ற கணக்கோடு நிறுத்தாமல், ஆட்களைக் குழுவாகப் பிரித்து ஒருவருக்கு ஒன்று என்று செய்ய வைத்துப் பார்த்த சோதனைகளையும் பார்க்க வேண்டும். முடிவெடுக்க அவைதான் உதவும்.

சாப்பாட்டைக் குறைக்கும் வழியிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் தொடங்குவது அங்கேதான். ராத்திரி சோறு கட், இரண்டு சப்பாத்தி, அப்புறம் சப்பாத்தியும் கட், ஓட்ஸ் கஞ்சி, காலையில் வெந்நீர். மூன்று மாதத்தில் 6 கிலோ இறங்கும். தெருவில் பார்க்கிறவர்கள் "என்னக்கா இப்படி இளைச்சிட்டீங்க, சுகரா?" என்று விசாரிப்பார்கள். அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தாலும் அதில் ஒரு கவனிப்பு இருக்கிறது: முகமும் தோளும் கையும் வற்றிப்போயிருப்பதை அவர்கள் பார்த்துவிடுகிறார்கள். பட்டினி வழியில் இறங்கும் எடையில் ஒரு நல்ல பங்கு தசையும்தான். பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது, பெரும்பாலோர் திரும்பத்தான் செய்கிறார்கள், கொழுப்பு சீக்கிரம் ஏறிக்கொள்கிறது, போன தசை அந்த வேகத்தில் வருவதில்லை. எடை பழைய எண்ணுக்கே வந்துவிடும். ஆனால் உடம்பு பழைய உடம்பாக இருக்காது. 50-க்கு மேல் இந்தச் சுற்றை இரண்டு மூன்று தடவை சுற்றினால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

2011-ல் அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 107 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய சோதனை இதை எண்ணில் காட்டுகிறது. டயட் மட்டும் இருந்த குழுவுக்கு எடை 10 சதவீதம் குறைந்தது, டயட்டோடு பயிற்சியும் செய்த குழுவுக்கு 9 சதவீதம். எடை மெஷினைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் கொழுப்பல்லாத திசு, அதாவது தசை முதலியவை, முதல் குழுவுக்கு 5 சதவீதம் போனது, இரண்டாவது குழுவுக்கு 3. இடுப்பெலும்பின் அடர்த்தி 2.6 சதவீதமும் 1.1 சதவீதமும் குறைந்தன. நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, சட்டை மாட்டுவது போன்ற அன்றாட வேலைகளை வைத்து மதிப்பிடும் சோதனையில் டயட் மட்டும் இருந்தவர்கள் 12 சதவீதம் முன்னேறினார்கள், இரண்டும் சேர்த்துச் செய்தவர்கள் 21 சதவீதம். எடையைத் துளியும் குறைக்காமல் பயிற்சி மட்டும் செய்த குழு ஒன்றும் இருந்தது, அவர்கள் 15 சதவீதம் முன்னேறினார்கள். எடை குறையாமலே, டயட் குழுவுக்கு ஈடாக.

சரி, எடை குறைப்பது வீணா? இல்லவே இல்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்கள் 7 சதவீத எடையைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியும் செய்தால் நோய் வருவது 58 சதவீதம் குறைகிறது என்று 2002-லேயே அமெரிக்காவில் காட்டிவிட்டார்கள். ஆனால் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டிலும் நடமாட்டத்திலும் மாற்றம் செய்தவர்களுக்கு மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையாமலே. "ஆறு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கலை" என்று விட்டுவிடுகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். மெஷின் நகரவில்லை என்றாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதே மாதிரி, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள 5,145 பேரை வைத்து அமெரிக்காவில் பல வருடம் நடத்திய தீவிர எடைக் குறைப்புச் சோதனையில், சர்க்கரை அளவு, தூக்கம், நடமாட்டம் எல்லாம் மேம்பட்டன, ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2013-ல் அந்த முடிவு வந்தபோது நிறையப் பேருக்கு ஏமாற்றம்.

அடுத்தது நடை. நம் ஊரில் இது ஒரு இயக்கமாகவே ஆகிவிட்டது. மெரினாவிலும் பள்ளி மைதானங்களிலும் காலை ஐந்தரைக்கே கூட்டம். நடையின் பலன் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது: இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, மனசு எல்லாவற்றுக்கும் நல்லது, செலவு இல்லை, சொல்லித்தர ஆள் வேண்டாம். 10,000 அடி என்பது மட்டும் யாரும் ஆராய்ந்து சொன்ன எண் இல்லை, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. 15 ஆய்வுகளைச் சேர்த்து 2022-ல் பார்த்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே ஆயுள் பலன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் நடக்கும் அரை மணி நேரத்தை வேறெதிலாவது போடலாம் என்பதுதான் என் வாதம்.

ஏனென்றால் நடையால் தர முடியாதது ஒன்று இருக்கிறது. பத்து வருடமாகத் தினமும் நடக்கிறவரைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். பலரால் முடியாது. சமதரையில் நடப்பதற்குத் தொடையும் புட்டமும் தங்கள் முழு பலத்தைக் காட்ட வேண்டியதே இல்லை. முன்பு சாப்பிட, படுக்க, பூஜைக்கு, கழிப்பறைக்கு என்று ஒரு நாளில் எத்தனையோ முறை தரைவரை போய் எழுந்தோம். டைனிங் டேபிள், கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட் வந்தபிறகு அந்தப் பயிற்சி மொத்தமாகப் போய்விட்டது. இந்தத் தரையில் உட்கார்ந்து எழும் திறனையே பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரிடம் சோதித்தார்கள். மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று கழிப்பார்கள். 3 அல்லது அதற்குக் கீழே எடுத்தவர்கள் அடுத்த சில வருடங்களில் இறந்த விகிதம், 8 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல்.

நடையையும் வலுப்பயிற்சியையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனை 2017-ல் வந்தது. எனக்குத் தெரிந்தவரை இந்த முடிவை எடுக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 160 பேர். எடை குறைக்கும் டயட் மூன்று பயிற்சிக் குழுக்களுக்கும் பொது. ஒரு குழு நடை, சைக்கிள் மாதிரி மூச்சு வாங்கும் பயிற்சி, ஒரு குழு எடை தூக்கும் பயிற்சி, இன்னொன்று இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று குழுவுக்கும் எடை 9 சதவீதம் குறைந்தது. கொழுப்பல்லாத திசு நடைக் குழுவுக்கு 5 சதவீதம் போனது, எடை தூக்கியவர்களுக்கு 2, இரண்டும் செய்தவர்களுக்கு 3. இடுப்பெலும்பின் அடர்த்தி நடைக் குழுவுக்கு 3 சதவீதம் குறைந்தது, மற்ற இரண்டுக்கும் 1 சதவீதமோ அதற்கும் கீழோ. வலு நடைக் குழுவுக்கு 4 சதவீதம்தான் கூடியது, மற்ற இரண்டுக்கும் 18, 19. மூச்சுத் திறனில் மட்டும் நடைக் குழு எடை தூக்கியவர்களை நன்றாக முந்தியது. அன்றாட வேலைச் சோதனையில் நடைக் குழு 14 சதவீதம் முன்னேறியது, எடை தூக்கிய குழு 14, இரண்டும் செய்த குழு 21. ஒன்றை மட்டும் எடுத்தால் எது என்ற கேள்விக்கு இதில் தெளிவான பதில் இருக்கிறது: இரண்டும் வேண்டும், ஆனால் எடையைக் குறைக்கிறவர் வலுப்பயிற்சியை விடவே கூடாது.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாக. 2025-ல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபிறகு இது வசதியுள்ளவர்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. நான் இதற்கு எதிரி இல்லை. ஏற்கெனவே இதய நோய் இருந்த, எடை கூடிய, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம், வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு மூன்றும் சேர்ந்த ஆபத்தை 20 சதவீதம் குறைத்தது, டயட்டால் முடியாததை இது செய்து காட்டியது. ஆனால் இதே மருந்தின் இன்னொரு ஆய்வில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத திசு. அது முழுக்கத் தசை இல்லை, தண்ணீரும் மற்றதும் அதில் சேரும், என்றாலும் கவலைப்பட வேண்டிய பங்கு. பசியே இல்லாமல் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற 60 வயதுக்காரர் வலுப்பயிற்சியும் செய்யாமல், புரதமும் சாப்பிடாமல் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பயிற்சியை அன்றைக்கே தொடங்குங்கள்.

இனி வலுப்பயிற்சி. "இந்த வயசுல இதெல்லாமா?" என்கிறவர்களுக்கு 1990-ல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 86 முதல் 96 வயது வரையிலான பத்து பேர், எட்டு வாரம் கால் வலுப்பயிற்சி செய்தார்கள். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! டென்மார்க்கில் ஓய்வுபெறும் வயதுக்காரர்களை ஒரு வருடம் கனமான எடை தூக்க வைத்துவிட்டு, மூன்று வருடம் கழித்துத் திரும்ப அளந்தபோதும் கால்வலு தொடங்கிய இடத்துக்குக் கீழே இறங்காமல் நின்றிருந்தது. நேரமும் அதிகம் கேட்காது. ஜப்பானியர்கள் 2022-ல் தொகுத்த ஆய்வுகளின்படி வாரத்துக்கு 30 முதல் 60 நிமிட வலுப்பயிற்சியிலேயே இறப்பு ஆபத்து குறைவது உச்சத்தை எட்டிவிடுகிறது. வாரத்துக்கு, தினமும் இல்லை.

ஜிம்மா வீடா என்றால், முதல் மூன்று மாதத்துக்குச் சொல்லித்தர ஒருவர் இருப்பது நல்லது, அவர் வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ள பயிற்சியாளராகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருக்க வேண்டும். இருபது வயதுப் பையன்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிற ஜிம் வேண்டாம். ஜிம்மின் லாபம், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். வீட்டில் அது கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. கைப்பிடி இல்லாத, சுவரில் சாய்த்து வைத்த ஒரு நாற்காலி. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து எழுவது. இறங்கும்போது மூன்று எண்ணிக்கை, பொத்தென்று விழக்கூடாது, முக்கியமான வேலை அந்த இறக்கத்தில்தான் நடக்கிறது. பத்து தடவை சுலபமானதும் கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், அது சுலபமானதும் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் ஊற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்து தண்டால், மாடிப்படியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, இரண்டு கையிலும் கனமான பையோடு வராந்தாவில் நடப்பது. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாமல் முப்பது தடவை செய்தால் அது வலுப்பயிற்சி கணக்கில் வராது. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, பிபி சட்டென்று ஏறும். நெஞ்சு வலி, கட்டுக்குள் வராத பிபி, சர்க்கரையால் கண் விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூட்டு வலி இருக்கிறவர்கள் பயப்படுவது இயல்பு. ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுப்படுத்துவதே முதல் சிகிச்சைகளில் ஒன்று. உயரமான நாற்காலியில் தொடங்கினால் வலிக்காமல் செய்யலாம். பெண்கள் இதைத் தங்கள் விஷயம் இல்லை என்று ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். மாதவிடாய் நின்றபிறகு எலும்பும் தசையும் சேர்ந்து இறங்குவது அவர்களுக்குத்தான். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை நேரடிக் கண்காணிப்பில் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நிஜமாகவே கனமான எடை தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசான பயிற்சி செய்த குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்துகிற, தண்ணீர்க் குடம் தூக்குகிற பெண்களிடம் "எடை தூக்காதே" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

இதோடு சாப்பாட்டையும் சேர்க்காவிட்டால் பாதி உழைப்பு வீண். இந்தியர்களின் சாப்பாட்டில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்தும் 12 சதவீதம்தான் புரதத்திலிருந்தும் வருகிறது என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2025-ல் சொன்னது. 60 கிலோ எடையுள்ள சைவ அத்தை ஒருவரின் ஒரு நாள் புரதத்தைக் கணக்கிடுங்கள்: காலை மூன்று இட்லி 6 கிராம், சாம்பார் 2 அல்லது 3, இரண்டு வேளை காபியில் 6, மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர் எல்லாம் சேர்த்து 15, ராத்திரி இரண்டு தோசையும் சட்னியும் 7. மொத்தம் 36 அல்லது 37 கிராம். முதியவர்களுக்கு நிபுணர்கள் சொல்லும் அளவு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது அவருக்கு 60 முதல் 72. இந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10 கிராம் தரும், 75 கிராம் பன்னீர் 14 தரும். முட்டை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டில் 12, மீன் 100 கிராமில் 20. சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைத்தால் கலோரியும் ஏறாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. அப்புறம், புரதப் பவுடர் மட்டும் குடித்தால் வலு வராது. அதே பாஸ்டன் குழு 1994-ல் நூறு பேரிடம் சோதித்தபோது, பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

இனி யாருக்கு எது. பி.எம்.ஐ. 22, 23, ஆனால் தொப்பையும் சர்க்கரையும் உண்டு என்கிற ஒல்லி உடம்புக்காரருக்கு எடைக் குறைப்பே வேண்டாம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய இடம் தசைதான், அதைப் பெரிதாக்குவதுதான் அவர் வேலை: வாரம் இரண்டு மூன்று நாள் வலுப்பயிற்சி, சாப்பிட்டபின் நடை, சோற்றைக் குறைத்துப் புரதம். பி.எம்.ஐ. 32, 33 ஆக இருந்து, முழங்கால் வலியும் குறட்டையும் பிபியும் உள்ளவர் எடையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் வலுப்பயிற்சியை ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டு, மெதுவாக, ஆறு மாதத்தில் 5 முதல் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளட்டும். 25, 26-ல் இருக்கும், வேறு தொந்தரவு எதுவும் இல்லாத 55 வயதுக்காரர் எடை மெஷினைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு இடுப்பை அளந்தால் போதும்.

தன் நிலை தெரியவேண்டும் என்றால் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஐந்து முறை வேகமாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவுப்படி உங்கள் தசை கவனம் கேட்கிறது. பிடிவலுக் கருவி கிடைத்தால் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்பது கோடு.

எழுபதைத் தாண்டிய, ஏற்கெனவே மெலிந்த அம்மா அப்பாவின் கதை வேறு. அவர்களிடம் "வெயிட் போடாம பார்த்துக்கோங்க" என்று யாரும் சொல்லக் கூடாது. வயது 70-ல் தானாக எடை இறங்குவது நல்ல செய்தி கிடையாது. எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம், அதாவது 60 கிலோவில் 3 கிலோ இறங்கியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, கூடவே பல் பிரச்சனையால் மெல்ல முடியாமல் இருக்கிறார்களா என்பது வரை பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தபின், ஒருவர் பக்கத்தில் நிற்க, சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை நாளைக்கு ஐந்து முறையிலிருந்து தொடங்கலாம்.